முன்கூட்டியே சொன்ன நன்றி

இந்தக் கட்டுரைக்கான நன்றி எனக்குப் போன மாதமே கிடைத்துவிட்டது. கட்டுரை எழுதித் தரும்படி கேட்ட அதே வாட்ஸ்அப் செய்தியின் கடைசிப் பத்தியில், "தங்கள் அன்பு ததும்பும் சொற்சித்திரத்துக்கு மனமார்ந்த நன்றிகள்" என்று இருந்தது. எங்கள் பழைய சங்கத் தலைவரின் அறுபதாவது அகவை மலரில் எனக்குப் பதினெட்டாம் பக்கம். தலைப்பையும் அவரே வைத்திருந்தார்: "நான் கண்ட மாமனிதர்." கூடவே மூன்று குறிப்புகள். முழுப்பெயர் குறைந்தது மூன்று இடங்களில் வரவேண்டும். சங்கத் தலைவராக இருந்த காலத்து நிகழ்வுகள் இடம்பெறவேண்டும். படம் ஒன்று அனுப்பவேண்டும், அதில் அவர் நடுவில் நிற்கவேண்டும்.

நாங்கள் பேசி ஏழு வருடமாகிறது. செய்தியை வாசித்து முடித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. ஆள் கொஞ்சமும் மாறவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட திருப்திதான் வந்தது. என் வேலையும் அதுதான். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகளை அளந்து, போன தடவை அளவோடு ஒப்பிட்டு, மாற்றம் உண்டா இல்லையா என்று எழுதுவேன்.

அவர் தலைவராயிருந்தது ஒரு தூண்டில் சங்கத்துக்கு. பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லாஷப்பலில் கோயிலுக்கு, பழைய மாணவருக்கு, ஊருக்கு, ஊரின் ஒரு குறிச்சிக்கு என்று சங்கங்கள் உண்டு. தூண்டிலுக்கும் ஒன்று இருந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். உறுப்பினர்கள் பெரும்பாலும் உணவகங்களில் வேலை செய்பவர்கள். மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்குமுன் இருக்கும் இரண்டரை மணித்தியால இடைவெளியில் ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் கூடுவார்கள். அவர்கள் தேடியது ஒரே ஒரு மீன், புறோஷே. வாத்தின் அலகு போல நீண்ட வாய், அதற்குள் உள்நோக்கிச் சாய்ந்த நூற்றுக்கணக்கான பற்கள். வெறும் தங்கூசி நரம்பைக் கடித்து அறுத்துவிடும் என்பதால் தூண்டில் முனையில் கம்பி கட்டவேண்டும். கடற்கரையில் வளர்ந்தவர்கள் அதை ஆற்றுச் சீலா என்றார்கள். கடல்மீன் சீலா போலத்தான் இருக்கும், ஆனால் வாழ்வது உர்க் கால்வாயில், நகருக்கு வெளியே பொபினிப் பக்கம்.

தை மாதக் கடைசியிலிருந்து சித்திரை நடுப்பகுதி தாண்டும்வரை புறோஷே பிடிக்கத் தடை. அது முட்டையிடும் காலம். தலைவருக்கு அதுவே பொற்காலம். மீன் பிடிக்க முடியாத மாதங்களில் மீனைப் பற்றிப் பேசலாம் அல்லவா. பதினைந்து நாளுக்கு ஒருமுறை உரை நடக்கும். உரைகளுக்கு "ஆற்றின் வேங்கை", "நீருக்குள் ஒரு வீரன்" என்ற வகையில் தலைப்பு வைப்பார். புறோஷே நூறு வருடம் வாழும், அதற்கு நினைவாற்றல் உண்டு, தன்னை விட்டவனை அது மறக்காது என்றெல்லாம் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த முதல் வருடம் அவரிடம் தூண்டில் கோல் இருக்கவில்லை.

நான் உள்ளே வந்தது அந்தக் கால்வாய்த் தண்ணீரைப் பற்றி ஓர் உரை நிகழ்த்த. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. எட்டுக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் முந்தி, சரி பார்த்துத் தருகிறேன் என்று வாங்கினார். மறுநாள் அறிமுக உரையில் எட்டையும் வரிசை மாறாமல் சொல்லி முடித்தார். பிராணவாயு அளவைச் சொல்லும்போது மட்டும் தசமப் புள்ளியை விட்டுவிட்டார். அவர் சொன்ன தண்ணீரில் மீன் இருந்திருந்தால் அது பறந்திருக்கும். பிறகு ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார்.

"மிச்சத்தைப் பிள்ளை சொல்லுவா."

மிச்சம் எதுவும் இருக்கவில்லை. நான் தசமப் புள்ளியை மட்டும் திருத்திவிட்டுக் கதிரையில் இருந்தேன். நன்றியுரையில் அவர் என்னைச் சங்கத்தின் புதிய செயலாளர் என்று அறிவித்தார். என்னிடம் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் எழும்பிக் கும்பிட்டேன். அது என் தவறு. இந்தப் பட்டியலில் என் தவறுகளும் உண்டு.

செயலாளரான பிறகு அவருடைய முறை எனக்கு விளங்கியது. உலகத்தில் எல்லோரும் ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டுச் சொல்வார்கள். இவர் சொல்லிவிடுவார். செய்வதை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார், பார்க்காவிட்டாலும் குறையில்லை. ஒருமுறை உதவி நகரபிதா விழாவுக்கு வந்து எங்கள் சமூகத்தைப் பாராட்டிப் பேசினார் என்ற செய்தி வாரப் பத்திரிகையில் வந்தது. உதவி நகரபிதா வரவில்லை. அவருக்கு அழைப்பு போனதாகவும் எனக்கு நினைவில்லை. அழைப்பிதழ் அனுப்புவது என் வேலையாயிருந்தது.

கூட்டக் குறிப்புப் புத்தகமும் அப்படித்தான். ஒவ்வொரு கூட்டத்தின் பின்னும் நான் எழுதவேண்டும், அவர் வாசித்துக் கையெழுத்திடவேண்டும். வருடத் தொடக்கத்திலேயே நாற்பது வெற்றுப் பக்கங்களின் அடியில் வரிசையாகக் கையெழுத்திட்டுத் தந்தார். ஒவ்வொரு முறையும் அவரைத் தேடி அலையாமல் எனக்கு வசதியாம். நான் வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார்.

"என்னிலை நம்பிக்கை இல்லையே பிள்ளை?"

அவரில் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்பது வேறு. அந்தப் புத்தகத்தில் எனக்கு நம்பிக்கை இருந்தது.

சங்கத்தில் உண்மையாக மீன் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர். அவரை ரவி அண்ணை என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் இல்லை. ஏன் மாற்றினேன் என்பது பின்னால் தெரியும். அதே ரூ லூயி-பிளாங்கில் இன்னொரு கடையில் சமையல் வேலை, பொபினியில் ஓர் அறை. கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பார், உரை நடக்கும்போது கம்பி முறுக்கிக்கொண்டிருப்பார். தலைவர் புறோஷே நூறு வருடம் வாழும் என்றபோது என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னது அவர்தான்: "எங்கடை தலைவற்றை கையிலை அம்பிடாட்டி வாழும்."

அம்பிட்ட நாள் ஒன்றும் வந்தது. தடை நீங்கிய முதல் ஞாயிறு, பொபினிக்குக் கிட்டக் கால்வாய்க் கரையில் ரவி அண்ணை ஒரு புறோஷே பிடித்தார். நாடா வைத்து நானே அளந்தேன், எழுபத்துமூன்று சென்ரிமீற்றர். அளந்ததும் தண்ணீரில் விடுவதுதான் எங்கள் வழக்கம். தலைவர் மீனை வாங்கிக்கொண்டார். முதலில் ஒரு படம். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்று. பிறகு வேறு ஒருவரின் போனில். மீன் பெரிதாகத் தெரிய இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடித்தார், அதை எங்கே படித்தாரோ தெரியவில்லை. நான்கு நிமிடம் ஆகிவிட்டது என்று இரண்டு தரம் சொன்னேன். கடைசியில் அவர் விட்ட மீன் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது.

ரவி அண்ணை சப்பாத்தோடு கரை ஓரத்தில் முழங்காலில் இருந்து, ஒரு கையால் வாலையும் மறு கையால் வயிற்றையும் பிடித்து அதை நிமிர்த்தினார். விடவில்லை. செவுளுக்குள் தண்ணீர் போகும்படி மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தார். கிட்டத்தட்டப் பத்து நிமிடம். யாரோ, செத்துப்போச்சு விடு என்றார்கள். பிறகு மீனே அவருடைய கையை உதறிக்கொண்டு போனது. அந்த நேரம் தலைவர் படங்களில் எது நல்லது என்று தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

பத்திரிகையில் "தலைவர் பிடித்த ஒரு மீற்றர் புறோஷே" என்று வந்தது. மிச்சமுள்ள இருபத்தேழு சென்ரிமீற்றர் எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்தேன். செய்தி மூன்று நாளுக்கு முன்பே வந்துவிட்டதாகவும் படத்துக்காகத்தான் காத்திருந்ததாகவும் சொன்னார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் ரவி அண்ணையின் சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கவேண்டும். ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கம் பார்த்தது. ஆனால் அடுப்படியில் பத்து மணித்தியாலம் நிற்கிற வேலை போய்விட்டது, அறை வாடகை கட்ட வழியில்லை. சங்கம் ஒரு நிதிசேர் விழா வைப்பதென்று முடிவாகியது. பிரேரித்தவர் தலைவர். அதை நான் மறைக்கவில்லை.

ரவி அண்ணை கூட்டத்துக்கு வந்து ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டது அன்றுதான்.

"என்ரை பேரும் வேண்டாம், படமும் வேண்டாம். அப்பாவும் இந்த வருத்தத்தாலை தான் போனவர். அம்மா பக்கத்திலை இருந்து பாத்தவ. எனக்கும் எண்டு தெரிஞ்சால் அண்டைக்கே படுத்திடுவா. அவவுக்குத் தெரியாமல் செய்யிறதெண்டால் செய்யுங்கோ. இல்லாட்டி விடுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்."

தலைவர் எழும்பிப் போய் அவருடைய தோளில் கை வைத்தார். "ரவி, இது என்ரை வாக்கு" என்றார். நான் புத்தகத்தில் எழுதினேன்: "பயனாளியின் பெயரோ படமோ எங்கும் வெளியிடப்படமாட்டாது. தலைவர் உடன்பட்டார்." அடியில் அவருடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

விழாவை ஒரு சனிக்கிழமை வைத்தார். சனிக்கிழமை ரவி அண்ணைக்கு ஆஸ்பத்திரி நாள் என்று சொன்னேன். மண்டபம் அன்றைக்குத்தான் கிடைத்தது என்றார். இரண்டு நாள் முந்தி உறுப்பினர் கோப்பை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று வாங்கிப்போனார். கோப்பு திரும்பி வந்தபோது ரவி அண்ணையின் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படம் இல்லை. அதை நான் விழா முடிந்த பிறகுதான் கவனித்தேன். இது என் இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது.

லாஷப்பலில் பதாகை அடிக்கிற கடைக்காரர் எல்லாவற்றுக்கும் அடிப்பார்: கலியாணம், சாமத்தியச் சடங்கு, சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியல், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. தலைவர் படத்தைக் கொடுத்து, மனதை உருக்குகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றாராம். மனதை உருக்குகிற மாதிரி என்றால் அந்தக் கடைக்காரரிடம் ஒரே ஒரு மாதிரிதான் உண்டு. மேடையில் தொங்கியதை அப்படியே எழுதுகிறேன். பின்னால் வானம், வெள்ளை மேகங்கள். நடுவில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் ரவி அண்ணையின் முகம். இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. கீழே தாமரை. மேலே "கலங்கும் நெஞ்சங்களுடன்". முகத்துக்குக் கீழே சிவப்பில் "எங்கள் ரவி" (பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்). இரண்டு திகதிகள்தான் குறைவாயிருந்தன.

தலைவர் அண்ணாந்து பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார்.

வாக்குக் கொடுத்தீர்களே என்று கேட்டேன். முகத்தைக் காட்டினால்தான் சனம் உதவும், முகமில்லாத ஆளுக்கு யார் தருவார்கள் என்றார். கழற்றச் சொன்னேன். கழற்ற ஏணி இல்லை. கட்டிய ஆட்கள் போய்விட்டார்கள், சனம் வரத் தொடங்கிவிட்டது.

எங்கள் நிகழ்வுகள் எப்படித் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மங்கல விளக்கு, பிறகு ஒரு நிமிட மௌனம். எதற்கென்று யாரும் கேட்பதில்லை, எழும்பி நிற்பது பழக்கம். அந்தப் பதாகைக்கு முன்னால் விளக்கேற்றினார்கள். பதாகையைப் பார்த்துக்கொண்டு மண்டபம் முழுதும் தலை குனிந்து நின்றது. மௌனம் முடிந்ததும் முன்வரிசையில் ஓர் அம்மா மேடைக்கு ஏறி, மேசைச் சாடியில் இருந்த பூவில் இரண்டை எடுத்துப் படத்துக்குக் கீழே வைத்தார். ஒன்று தொடங்கினால் போதும், பின்னால் வரிசை வந்துவிட்டது. ஒரு பெரியவர் என்னிடம் குனிந்து கேட்டார்.

"எப்ப பிள்ளை எடுக்கினம்?"

"அவர் ஆஸ்பத்திரியிலை இருக்கிறார் ஐயா. ஆறு மணிக்கு வீட்டை போவார்."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பதாகையைப் பார்த்தார். என்னைவிடப் பதாகையை நம்பினார் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு தலைவர் நாற்பது நிமிடம் புறோஷே பற்றிப் பேசினார். உதவி சேர்ந்தது, அது முழுவதும் ரவி அண்ணையிடம் போய்ச் சேர்ந்தது. அதில் அவர் ஒரு சதமும் எடுக்கவில்லை. அவர் எடுத்தது படங்கள். மண்டபத்தில் இருந்தவர்கள் பாத்திரங்களை அடுக்கி முடிக்குமுன் அவை முகநூலில் இருந்தன: விளக்கு, மௌனம், பூ வைக்கிறவர்கள், நடுவில் அவர்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரவி அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஊரில் அடுத்த வீட்டுக்காரர் போனோடு போய் அம்மாவுக்குக் காட்டியிருக்கிறார். வீட்டு வாசலில் சனம் கூடிவிட்டது. அவர் உடனே தாய்க்கு எடுத்திருக்கிறார்.

"அம்மா என்ரை குரலை நம்புறா இல்லை, தங்கச்சி. ஆரோ ஆறுதலுக்கு என்னை மாதிரிக் கதைக்கினமாம். பிறகு வீடியோவிலை எடுத்தன். பாத்திட்டு, இது என்ரை பிள்ளை இல்லை, அவன்ரை முகம் இப்பிடி ஊதியிராது எண்டுறா."

அவர் தொடர்ந்தார்.

"அப்ப சொன்னன். ஏன் ஊதியிருக்கெண்டு சொன்னன். கையிலை ஊசி குத்தின இடத்தைக் காட்டினன். அதுக்குப் பிறகுதான் நம்பினவ."

தான் உயிரோடு இருக்கிறேன் என்று தாயை நம்பவைக்க அவருக்கு இருந்த ஒரே அத்தாட்சி, தாயிடமிருந்து ஒளித்து வைத்த அந்த வருத்தம். அவர் பயந்தபடி அம்மா படுத்துவிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பாவுக்கும் கடைசியாக இப்படித்தான் முகம் வந்தது என்று மட்டும் சொன்னாராம்.

அந்தக் கிழமை செயற்குழு கூடியது. தலைவர் உற்சாகமாக வந்தார். சங்கத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு பேர் எங்கள் பக்கத்தைப் பார்த்ததில்லை, கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் அனுதாபச் செய்திகள் வருகின்றன என்றார். அனுதாபம் என்ற சொல்லை அவர் சொல்லும்போது யாரும் நிமிரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது என்றார்.

"படம் போட ரவி சம்மதிச்சவர் எண்டு குறிப்பிலை எழுதிவிடுங்கோ, பிள்ளை. நாளைக்கு ஒரு கதை வரக்கூடாது."

நான் புத்தகத்தைத் திறந்து அவர் கொடுத்த வாக்கைப் பற்றிய இரண்டு வசனங்களையும் வாசித்தேன். பிறகு இன்னொரு தரம், இன்னும் மெதுவாக. செயற்குழுவில் ஒருவர் எட்டிப் பார்த்து, "தலைவர், கையெழுத்து உங்கடை தானே?" என்று கேட்டார்.

"அது நான் வாசிக்காமல் போட்டது."

அவரோடு பழகிய இரண்டு வருடத்தில், அவர் சொன்னதில் நான் எந்தத் திருத்தமும் செய்யத் தேவையில்லாத ஒரே வசனம் அது. அதையும் குறிப்பில் எழுதினேன். கீழே கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். ஆறு மாதத்தில் சங்கம் இல்லை. பத்திரிகையில் அது தன் பணியை நிறைவு செய்ததாகச் செய்தி வந்தது, படத்தோடு.

ரவி அண்ணை இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாய்க் கரைக்கு வருகிறார். ஏழு வருடமாகத் தாய் ஒவ்வொரு நாளும் காலையில் வீடியோவில் எடுக்கிறாராம். ஒன்றும் கதைப்பதில்லை. முகத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லி, இரண்டு கன்னத்தையும் பார்த்துவிட்டு வைத்துவிடுவாராம். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுது, என்ரை பேரைப் போடாதை என்றார்.

ஆகவே தலைவருக்கு நான் அனுப்புவது இதுதான். மலரில் பதினெட்டாம் பக்கம் எனக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது, நன்றியும் சொல்லப்பட்டுவிட்டது, இரண்டையும் வீணாக்க எனக்கு மனமில்லை. அவர் கேட்ட மூன்றில் இரண்டாவதைச் செய்திருக்கிறேன், நிகழ்வுகள் இருக்கின்றன. முழுப்பெயர் ஓரிடத்திலும் இல்லை. படமும் அனுப்பவில்லை. ரவி அண்ணை வாய் விட்டுக் கேட்டும் கிடைக்காத அந்த இரண்டையும் இவருக்குக் கேளாமலே கொடுக்கிறேன்.

அச்சுக்குப் போகுமுன் அவர் இதை வாசித்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு இல்லை.